மூன்றாவது கல்

1

போன வாரம் என் மகள் நிலா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் இப்போது வேறொரு மாநிலத்தில் வேலை பார்க்கிறாள். தானே சமைத்துச் சாப்பிடுவதாகச் சொல்கிறாள். எங்களோடு தமிழில் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகிவிட்டது, அதுவும் பத்து நிமிடம். படத்தில் துருவேறிய வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று இருந்தது. பழைய சாமான் கடையில் வாங்கினாளாம். 'நீ முன்னாடி இதெல்லாம் கிளீன் பண்ணுவியே, எப்படிம்மா?' என்று ஆங்கில எழுத்தில் தமிழாகக் கேட்டிருந்தாள்.

துருவை எடுப்பது எப்படி என்று எழுதுவதற்கு முன்னால், காரீயம் என்ற விஷ உலோகம் இருக்கிறதா என்று சோதிக்காமல் அதை அடுப்பில் வைக்காதே என்று எழுதினேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்குப் பதினோரு வயதில் நடந்தது இது. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அவள் அப்பா பிடுங்கியது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. இவ்வளவு நீளத் தமிழை அவளால் படிக்க முடியாது. ஊரில் இருக்கும் உங்களுக்காக எழுதிவிடுகிறேன். அவளுக்குப் பிறகு வாசித்துக் காட்டுவேன்.

2

தொண்ணூறுகளின் கடைசியில் ஒஹையோவுக்கு வந்தோம். என் கணவர் செந்திலுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவரைச் சார்ந்து வந்தவள் என்ற விசா எனக்கு. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் சமைக்கலாம், பிள்ளை வளர்க்கலாம், வாசலில் விழுந்த பனியை அள்ளலாம். சம்பளத்துக்கு மட்டும் எந்த வேலையும் பார்க்கக் கூடாது. மன்னார்குடியில் வேதியியல் படித்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பாடம் நடத்தியவள் நான். இங்கே எந்தப் படிவத்தை நிரப்பினாலும் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு போடச் சொன்னார்கள்.

பெட்டி எடை கூடிவிடும் என்று தோசைக்கல்லை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இங்கே வாங்கிய ஒட்டாத சட்டியில் தோசை ஒட்டவில்லைதான், ஆனால் முறுகவும் இல்லை. முதல் வசந்தத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றார்கள். அதில் துருவும் பிசுக்கும் ஏறிய ஓர் இரும்புச் சட்டி கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கல்லின் கனம்.

அடுப்பு துடைக்கிற காரக் கரைசலைத் தடவி, குப்பைப் பையில் கட்டி இரண்டு நாள் வைத்தால், பல வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு கூழாக வழிந்துவிடும். துருவுக்கு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் இரும்பையே தின்னும். கம்பி நாரால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, எண்ணெய் பூசி, பூசிய எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். துடைத்த பிறகும் ஒட்டியிருக்கிற படலம் போதும். ஓவனில் கவிழ்த்து நல்ல சூட்டில் ஒரு மணி நேரம். இப்படி ஐந்து முறை. ஊரில் புதுக் கல்லைக் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தேய்த்துப் பழக்குவோமே, அதே வேலைதான்.

ஐந்தாவது முறை வெளியே எடுத்தபோது அது கறுப்புப் பட்டு மாதிரி இருந்தது. அன்று சுட்ட தோசையை செந்தில் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அதன் பிறகு அதுவே என் வேலையானது. இங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று செய்து கொடுத்தேன். எதையும் விற்கவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர்கள் என்னைக் கடைக்கு அழைத்துப் போனார்கள், நிலாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தார்கள். நிலாவுக்கு மட்டும் வெட்கம். தன் வகுப்புத் தோழிகளின் வீட்டு வாசலில் அம்மா குப்பையைக் கிளறுகிறாள் என்று காரை விட்டு இறங்கவே மாட்டாள்.

3

ஒரு வருடம் ஏரிக்கரைச் சாலையில் ஒரு வீட்டில் மூன்று சட்டிகள் வாங்கினேன். ஒரே அளவு, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியிருந்தன. இறந்துபோன அப்பாவின் சாமான்கள் என்று மகள் விற்றுக்கொண்டிருந்தார். மூன்றையும் சுத்தம் செய்தேன். ஒன்று ரேவதிக்கு. கோயம்புத்தூர்க்காரி, இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே நெருங்கிய தோழி. அப்போதுதான் அவளுக்கு ஆதி பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. ஒன்று எங்களுக்கு. மூன்றாவதை ஜூலையில் ஊருக்குப் போனபோது என் அக்கா வசந்தாவுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா வீடு மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்து வயலெல்லாம் உழவு நடந்துகொண்டிருந்த நேரம். அவள் மகள் கயல் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை என்பதால் அவள் அம்மா வீட்டிலேயே இருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. நான் கொண்டுபோன கல்லில் மெல்லிசாக ஊற்றிக் கொடுத்த தோசை மட்டும் வயிற்றில் நின்றது.

"ஊர்ல எல்லாரும் வெளிநாட்டுலேந்து சென்ட்டு, சாக்லேட்டுன்னு கொண்டாருவாங்க. இவ இரும்பு கொண்டாந்திருக்கா பாரு," என்று அத்தான் சிரித்தார்.

"சிரிங்க. எம்பொண்ணு இன்னிக்குத்தான் ரெண்டு தோசை தின்னிருக்கா," என்றாள் அக்கா.

4

அக்டோபரில் ஒரு நாள் காலையில் ரேவதி போன் செய்தாள். ஒரு வயதானால் இங்கே குழந்தைகளுக்கு ரத்தத்தில் காரீயம் பார்ப்பார்கள். ஆதிக்கு அது இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகமாக இருந்தது.

"நர்ஸ் வீட்டுக்கே வர்றாங்களாம் மல்லிகா. பெயின்ட்டு, பொம்மை, பாத்திரம் எல்லாம் பார்ப்பாங்களாம். நீ கூட இருக்கியா?" என்றாள்.

போனேன். சுகாதாரத் துறையிலிருந்து வந்த நர்ஸ் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை ஜன்னல் சட்டத்தில் வைத்தார், பொம்மைகளில் வைத்தார், குங்குமச் சிமிழைத் திறந்து பார்த்தார், மஞ்சள் பொடியை ஒரு பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் சமையலறை. அடுப்பின் மேல் நான் கொடுத்த கல் இருந்தது. கருவியை அதில் வைத்தவர் திரும்ப எடுத்து இன்னொரு முறை வைத்தார். பிறகு, காரீயம் பட்டால் நிறம் மாறுகிற ஒரு சிறு குச்சியின் பஞ்சு முனையால் கல்லின் நடுவில் தேய்த்தார். பஞ்சு சிவப்பானது.

"இது எங்கே வாங்கியது?" என்று கேட்டார்.

ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே, "ஒரு தோழி கொடுத்தது," என்றாள். பெயர் கேட்டபோது, பிறகு சொல்கிறேன் என்றாள். ஆதி அவள் இடுப்பில் உட்கார்ந்து நர்ஸின் கையுறையைப் பிடிக்க எட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கல்லில்தான் அவனுக்குத் தினமும் நெய் விட்டுத் தோசை சுட்டிருக்கிறாள்.

5

சாயங்காலம் செந்தில் வந்ததும் சொன்னேன். நிலா மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீதான் குடுத்தேன்னு சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லங்க."

"நல்லவேளை. கிரீன் கார்டு இன்டர்வியூ எப்ப வேணா வரும். இத்தனை பேருக்குச் செஞ்சு குடுத்திருக்கே. சும்மாதான் குடுத்தேன்னு யாரு நம்புவாங்க? விசாவை மீறி வேலை பார்த்தாங்கன்னு ஒரு வரி எழுதினாப் போதும். மூணு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். ரேவதிகிட்டயும் சொல்லி வை."

"அதே வீட்டுல வாங்கினது இன்னும் ரெண்டு இருக்குங்க. ஒண்ணு அக்கா வீட்டுல இருக்கு."

"இன்னொண்ணு?"

நான் அடுப்பைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். இரண்டே எட்டில் போய் நிலாவின் தட்டை இழுத்துவிட்டார். "ஐம் ஈட்டிங், அப்பா," என்று அவள் எழுந்து நின்றாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் உடனே போன் கார்டைச் சுரண்டி ஊருக்கு அடித்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து எடுத்தாள். லைன் இரைந்தது.

"அக்கா, நான் குடுத்த கல்லுல ஈயம் இருக்கலாம். நீ அதுல சமைக்காத. கயலுக்கு எதுவும் சுட்டுக் குடுக்காத."

"ஈயந்தானடி? ரசமே ஈயச் சொம்புலதான் வைக்கிறேன். ஈயம் பூசினாத்தான் பித்தளையே புழங்கலாம்."

"அது இல்லக்கா, இது விஷம். வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆகாது."

"அங்க போனதுலேந்து உனக்கு எதப் பார்த்தாலும் பயம். சரி, சரி, நிறுத்திடுறேன். நிலா நல்லாருக்காளா?"

அதற்குள் கார்டு தீர்ந்து லைன் அறுந்தது. நிறுத்திவிடுவாள் என்று நம்பினேன். ரசச் சொம்பின் வெள்ளீயம் வேறு, விஷமான காரீயம் வேறு என்று கரும்பலகையில் நானே எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன். அன்று பகல் முழுவதும் 'லெட்' என்ற ஆங்கிலச் சொல்லையே கேட்டுக் கேட்டு, தமிழில் வாயில் வந்தது வெறும் ஈயம்தான்.

6

மறுநாள் காலை செந்தில் வேலைக்குப் போகவில்லை. காரை எடுத்து, நிலாவை ரத்தம் கொடுக்க அழைத்துப் போனார். அங்கிருந்து, நான் கேட்காமலே, சுகாதார அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நம்ம புள்ளையும் அதுலதான் சாப்பிட்டிருக்கா. நான் வரலை. நீ போய்ச் சொல்லு," என்றார். அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

எங்கள் கல்லை ஒரு பையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ரேவதி வீட்டுக்கு வந்த அதே நர்ஸிடம், அந்தக் கல்லைக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தேன். விற்றீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். பட்டியலை முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். நர்ஸ் அதை வாங்கிப் படித்து, கோப்பில் வைத்தார். விசாவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்பார் என்று பயந்தே அந்த ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கல்லில் காரீயம் இல்லை. நிலாவின் ரத்தமும் நன்றாக இருந்தது. பட்டியலில் இருந்த மற்றக் குடும்பங்களுக்கு நானே போன் செய்தேன். அவர்களுடைய சட்டிகளைச் சோதித்ததிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் சிலர் அதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீடுகளிலிருந்து என்னைக் கடைக்கு அழைத்துப் போக யாரும் வரவில்லை.

ஏரிக்கரை வீட்டுக்கு செந்திலே கூட்டிப் போனார். சாமான் விற்ற பெண்மணி கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா தூண்டில் நூலில் கனத்துக்குக் கட்டும் குண்டுகளைத் தானே வார்ப்பாராம். காரேஜில் சட்டியில்தான் காரீயத்தை உருக்குவாராம். எந்தச் சட்டியில் என்று அவருக்குத் தெரியாது. எல்லாவற்றிலுமா, ஒன்றிலா என்றும் தெரியாது.

முதல் கல்லில் இருந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது அக்கா வீட்டில் இருந்தது.

அடுத்த முறை ஊருக்கு லைன் கிடைக்க, முதல் போன் போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது. அங்கே மழை, கம்பங்கள் சாய்ந்து போன் செத்துக் கிடந்ததாம். கயல்தான் எடுத்தாள்.

"சித்தி, சாப்பிட்டுக்கிட்டே பேசுறேன். உங்க கல்லு தோசைதான்," என்றாள்.

"கீழ வை. அம்மாவைக் கூப்பிடு," என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவள் மறுபேச்சு பேசவில்லை.

அக்கா வந்தாள். "அக்கா, இது ரசச் சொம்பு ஈயம் இல்ல. காரீயம். வீச்சு வலையில அடியில கட்டுவாங்களே குண்டு, அந்த ஈயம். ஒருத்தர் அத உருக்கின சட்டியா இருக்கலாம் அது. ரேவதி குழந்தை ரத்தத்துல அது ஏறியிருக்கு."

"வலைக்குண்டா?" என்றாள். "அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாடி?"

7

கயலை மறுநாளே தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார்கள். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினால்தான் பார்க்க முடியும் என்றார்களாம். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் நான் சமைத்தேன், துவைத்தேன், நிலாவின் வீட்டுப்பாடத்தில் கையெழுத்துப் போட்டேன். எதுவும் நினைவில்லை. சாதாரண அளவைவிடக் கூடுதல்தான், ஆனால் பயப்படுகிற அளவு இல்லை, குழந்தை பிறந்ததும் அதற்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னாள். அதன் பிறகுதான் கல்லைப் பற்றிக் கேட்டேன்.

"கல்ல எங்க வச்சிருக்கே?"

"அது எதுக்கு இனிமே வீட்டுல? நீ வலைக்குண்டுன்னு சொன்ன அன்னிக்கே குடுத்துட்டேன். களை பறிக்க வந்த செல்லம்மா பார்த்துட்டு, சும்மா கெடக்குதான்னு கேட்டா. எடுத்துக்கன்னேன்."

எனக்குச் செல்லம்மாவைத் தெரியும். அக்கா வயலில் நடவுக்கும் களைக்கும் பல வருடமாக வருகிறவர். மகளும் மருமகனும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, மூன்று வயதுப் பேத்தியைத் தன்னிடம் வைத்திருந்தார்.

"அங்க ஒரு சின்னப் புள்ள இருக்குல்லக்கா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் சொன்னேன்.

"இன்னிக்கே போய் வாங்கு."

"குடுத்தத எப்படிடி திருப்பிக் கேக்கிறது? என்ன நெனைப்பா?"

"நீ கேக்கலைன்னா அத்தான்கிட்ட போனக் குடு."

அத்தான் மழையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கல்லை வாங்கிக்கொண்டு, மன்னார்குடிக் கடையில் வாங்கிய புதுக் கல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார். அது சரியில்லை என்று மட்டும் சொன்னாராம். ஏன் என்று சொல்லவில்லை.

8

ஜனவரியில் கயலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பார்த்ததில் அதன் ரத்தத்திலும் காரீயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. இன்டர்வியூ தேதி வந்துவிடும் என்று செந்தில் தடுத்தும் நான் மூன்று வாரத்துக்குப் புறப்பட்டேன். பெட்டியில் அந்தச் சோதனைக் குச்சிகள் இருந்தன. அக்கா வீட்டில் நெல் அறையில் சாக்கில் சுற்றி வைத்திருந்த கல்லை எடுத்து, நடுவில் தேய்த்தேன். பஞ்சு சிவந்தது.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. நான் செல்லம்மாவின் வீட்டுக்குப் போனபோது அவர் வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா அவரை 'வா, போ' என்றுதான் பேசுவாள். நானும் அப்படியே வளர்ந்தவள். அன்று எனக்கு அப்படி வரவில்லை.

"அந்தக் கல்லுல காரீயம் இருந்துச்சுங்க. ரத்தத்துல கலந்தா சின்னப் புள்ளைங்களுக்கு மூளை வளர்ச்சியக் கெடுக்கும். ஒரு வாரத்துக்கு மேல அதுல சமைச்சிருக்கீங்க. பாப்பாவுக்கு ரத்தம் பார்க்கணும். நாளைக்குத் தஞ்சாவூர் போலாம், நான் கூட வரேன்."

செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கலாமாம்மா? ஆகாதுன்னு தெரிஞ்சுதான் அக்கா எனக்குக் குடுத்தாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அக்காவுக்குச் சரியாகப் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பாதி உண்மைதான்.

"தெரிஞ்சுதாங்க," என்றேன். "கயல் வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு நான்தான் சொன்னேன். வேற யாருக்கும் குடுக்காதேன்னு சொல்லலை. எனக்கு அது தோணவே இல்ல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் உள்ளே போய்ப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எத்தனை மணி பஸ்ஸு?" என்று கேட்டார்.

செல்லம்மாவின் பேத்திக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. பாலும் முட்டையும் கீரையும் கொடுங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள் என்றார் டாக்டர். அதற்குள் நான் திரும்பிவிட்டேன். ஏப்ரலில் எங்களுக்கு இன்டர்வியூ. என் சட்டிகளைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆதியின் ரத்தத்தில் அளவு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ரேவதி போனில் சொன்னாள், நேரில் வரவில்லை. அவள் கணவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

செல்லம்மா அந்த அறுவடையோடு அக்கா வயலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் ஆனதும் யார் அந்தக் குழந்தையை அழைத்துப் போவார்கள் என்று எனக்குக் கவலை. அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் அவள் பேச்சை மாற்றினாள்.

மே மாதம் ஒரு நாள் காலையில் அவளே போன் செய்தாள். அதற்கு முன் அவள் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"தஞ்சாவூர் போயிட்டு வந்துட்டோம். கயல் புள்ளைக்கும் பார்த்தாச்சு, அந்தப் பாப்பாவுக்கும் பார்த்தாச்சு. ரெண்டு பேருக்கும் கொறைஞ்சிருக்காம்."

"செல்லம்மா வந்தாங்களா?"

"நான்தான் வாசல்ல போய் நின்னு கூப்பிட்டேன். ரொம்ப நேரம் நிக்க வச்சா. அப்புறம் வந்தா. கார்லதான் போனோம். போறப்பவும் பேசலை, வர்றப்பவும் பேசலை."

"நீ ஏதாவது பேசினியா?"

"என்னத்தப் பேசுறது?" என்றாள் அக்கா. "வழியில டீ வாங்கிக் குடுத்தேன். 'பாப்பாவுக்குப் பால் போதும், எனக்கு வேணாம்'னுட்டா."